கோட்டம் எடுத்த கைகள்

அவினாசி ரோட்டில் ஹோப் காலேஜ் பக்கம், புது மேம்பாலத்தின் நிழல் விழுகிற ஓரத்தில், பஞ்சர் போடுகிறவர் ஒருவர் பழைய டியூபை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனைத் தடவி, ஒட்டுப் போடுவதற்கு முன்னால் சித்த உலரட்டும் என்று வாயால் ஊதிக்கொண்டிருந்தார், பெட்ரோலும் ரப்பரும் கலந்து தொண்டையில் லேசாக இனிக்கிற அந்த வாசனை பஸ்ஸுக்கு நின்றிருந்த என் வரைக்கும் வந்தது. டியூப் இல்லாத டயர்கள் வந்த பிறகு நகரத்தில் அந்த வாசனை அரிதாகிவிட்டது. தலைக்கு மேல் 10 கிலோமீட்டருக்கு நீளும் பாலத்துக்கு, 2025 அக்டோபரில் அதைத் திறந்தபோது, ஜி.டி. நாயுடுவின் பெயரை வைத்தார்கள், வண்டிகள் மேலே நிற்காமல் போகின்றன, கீழே நான் பையனாக இருந்தபோது பார்த்த சைக்கிள் கடைகளில் ஒன்றையும் காணோம், அந்த இடங்களில் செல்போன் கடையும் பேக்கரியும் இருக்கின்றன, நான் வரவேண்டிய பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றாலும் மனசு அதற்குள் சிங்காநல்லூர் போய்ச் சேர்ந்திருந்தது.

எங்கள் வீதி முடிகிற இடத்தில் மில் கேட்டு, கேட்டுக்கு எதிரே வேப்பமரம், மரத்தோடு சாய்த்துக் கட்டிய தகரக் கொட்டகையில் சைக்கிள் கடை. எழுபதுகளில் ஷிப்ட் மாறும் சங்கு ஊதிவிட்டால் வீதி முழுக்கச் சைக்கிள் மணிச் சத்தம்தான், உள்ளே போகிறவர்களிடம் சோப்பு வாசனை இருக்கும், வெளியே வருகிறவர்களின் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும், இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் கடைப் பெரியவர் நிமிராமல் வேலை செய்துகொண்டிருப்பார். மூக்குக் கண்ணாடியின் ஒரு காம்பு ஒடிந்துபோய், அதற்குப் பதிலாக மில் நூலை முறுக்கிக் காதில் மாட்டியிருப்பார், எந்தச் சைக்கிள் வந்தாலும் என்ன கோளாறு என்று முதலில் கேட்க மாட்டார், ஹேண்டில்பாரைப் பிடித்து முன்சக்கரத்தைத் தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, தலையைச் சாய்த்துக் காது கொடுப்பார், சத்தம் அடங்கும்வரை யாரும் பேசக்கூடாது, பிறகுதான் "பால்ரஸ் தேஞ்சு போச்சுங்க" என்றோ, "கோன் இறுக்கமா இருக்குதுங்க" என்றோ சொல்லுவார். கழற்றிய குண்டுகளைத் தேங்காய்த் தொட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றிப் போட்டுவைப்பார், மில்லில் கழித்துப் போட்ட வேஸ்ட் நூலால் ஒவ்வொன்றாகத் துடைத்து, சாயங்கால வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, புள்ளி விழுந்ததை மட்டும் தனியாக ஒதுக்குவார்.

கோட்டம் எடுப்பதை அவரிடம்தான் பார்த்தேன். முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பாரம் விழுகிற பின்சக்கரத்துக்கு 40 கம்பி, சக்கரத்தை நட்டுவைத்த போர்க்கில் மாட்டி, ரிம்முக்கு மயிரிழை தள்ளிச் சாக்கட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றிவிடுவார், எங்கே சாக்குப் படுகிறதோ அங்கே ரிம் அந்தப் பக்கம் இழுத்திருக்கிறது என்று அர்த்தம், அந்த இடத்தில் அந்தப் பக்கத்துக் கம்பியைச் சற்றுத் தளர்த்தி எதிர்ப்பக்கத்துக் கம்பியின் நிப்பிளைக் கால் சுற்று முறுக்குவார், மறுபடி சுற்றுவார், மறுபடி கேட்பார், ஒரு கம்பியை முறுக்கினால் பக்கத்துக் கம்பிகள் எல்லாம் அந்த இழுப்பைப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்பதைப் புத்தகம் திறக்காமலே நாங்கள் தெரிந்துகொண்டது அந்த வேப்பமரத்தடியில்தான். விரலால் கம்பிகளைத் தட்டிக்கொண்டே போவார், தளர்ந்த கம்பி மந்தமாக ஒலிக்கும், இறுகியது ணங்கென்று ஒலிக்கும், எல்லாக் கம்பியும் ஏறக்குறைய ஒரே குரலில் பேசினால் வேலை முடிந்தது என்று எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் குடிக்கப் போவார்.

மில் ஸ்டாண்டில் வரிசையாக நிற்கும் சைக்கிள்கள் எல்லாம் கறுப்பு, எல்லாம் 28 இஞ்ச் சக்கரம், எல்லாவற்றுக்கும் கம்பி பிரேக். பர்மிங்காம் கம்பெனியோடு சேர்ந்து 1949ல் அம்பத்தூரில் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பிஎஸ்ஏ என்று பெயர்களை வேறு வேறாக வைத்திருந்தாலும், இருட்டில் ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்கு எல்லாம் ஒன்றுதான். தன்னுடையதைத் தடவியே கண்டுபிடிக்க ஒவ்வொருவரும் அதில் ஏதாவது ஒரு கைவேலை செய்திருப்பார்கள். ஒருவர் ரிங் பிரேமில் ஓடித் தேய்ந்த ஸ்பிண்டில் டேப்பைக் கேரியருக்கு வார் ஆக்கி டிபன் கேரியரை அசையாமல் கட்டியிருப்பார், ஒருவர் வீட்டில் பெண்கள் பின்னிய ஒயர் கூடையை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டிருப்பார், இன்னொருவர் பழைய டயரை நறுக்கி மட்கார்டு நுனியில் ஆணியடித்து, அதில் வெள்ளைப் பெயிண்டில் மகளின் பெயரை எழுதியிருப்பார், பாரின் மேல் சின்னப் பலகை பொருத்திப் பிள்ளை உட்கார மெத்தை தைத்தவர்களும், சீட்டுக்கு வெல்வெட் உறை போட்டுக் குஞ்சம் விட்டவர்களும் உண்டு. ஹப்பைச் சுற்றிக் கயிற்று வளையம் ஒன்றைத் தளர்வாகக் கட்டிவிடுவார்கள், பார்க்க அழகுக்கு வைத்ததாகத் தெரியும், சக்கரம் ஓட ஓட அது ஹப்பின் மேல் புரண்டு தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் தானாகவே துடைத்துக்கொண்டிருக்கும். சிங்காநல்லூர் அப்போது தனி நகராட்சி, 1981ல்தான் கோவை மாநகராட்சியோடு சேர்ந்தது, சைக்கிளுக்கு வருஷ வரி கட்டினால் தகர வில்லை ஒன்று கொடுப்பார்கள், அந்த வில்லையையும் சும்மா மாட்டாமல், வளைத்த கம்பியில் சட்டம் செய்து, விளக்குக்குக் கீழே நேராக நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

லீவு விட்டால் அம்மாவைப் பெற்ற அப்பிச்சியின் தோட்டம், கிணத்துக்கடவு தாண்டி. அங்கே சைக்கிளுக்கு வேறு வாசனை, கட்டுத்தரையின் சாண வாசனையும் காய்ந்த பால் வாசனையும் வண்டி மையின் கருகல் வாசனையும் சேர்ந்த ஒன்று. மாட்டுவண்டி அச்சுக்குப் போடுகிற அதே மையை, விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து ஆத்தா செய்துவைப்பதை, அப்பிச்சி குச்சியில் தொட்டுப் பெடல் அச்சுக்கு வைப்பார், செயினுக்கு வெறும் விளக்கெண்ணெய், தேங்காய் எண்ணெய் மழை பட்டால் ஓடிவிடும், விளக்கெண்ணெய் நிற்கும் என்பார். கேரியரின் இரண்டு பக்கமும் பால் கேன் மாட்ட இரும்புக் கொக்கிகள், ஊர் ஆசாரி பட்டறையில் கம்பியைக் காய்ச்சி வளைத்தவை, அளவுக்கு டேப்பு கிடையாது, அப்பிச்சியின் சாண்தான் அளவு, கேனின் அடி பின்சக்கரத்து அச்சுக்கும் கீழே இருக்க வேண்டும், பாரம் மேலே நின்றால் வண்டி ஆளைத் தள்ளும், கீழே நின்றால் ஆளோடு வரும் என்று ஆசாரியிடம் ஒவ்வொரு முறையும் சொல்லுவார், ஆசாரியும் முதல்முறை கேட்பவராகத் தலையாட்டுவார்.

"ஏனுங்க அப்பிச்சி, பொள்ளாச்சிக் கடையில நல்ல கொக்கி விக்குதுங்களே" என்று ஒருமுறை கேட்டேன்.

"கடையில வாங்குனது ஒடஞ்சா கடைக்குத்தான் போவோணும் கண்ணு, இங்க வளைச்சது ஒடஞ்சா இங்கயே வளைச்சுக்கலாம்."

ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அந்தப் பக்கமெல்லாம் சுழற்றி அடிக்கும், மேற்கே போகிறவர்கள் ஹேண்டில்பாரோடு குனிந்து ஒவ்வொரு மிதியையும் எண்ணி மிதிப்பார்கள், கிழக்கே திரும்பி வருகிறவர்கள் காலை எடுத்துவிட்டு உட்கார்ந்தே வந்துவிடுவார்கள். அப்பிச்சி அந்த மாதத்தில் தீவனச் சோளத்தட்டைக் கட்டைக் குறுக்கே வைக்காமல், கேரியரிலிருந்து சீட்டு வழியாக முன்னே நீட்டிக் கட்டிக்கொண்டு தள்ளி வருவார், காற்றுக்கு முகம் குறைவாகக் காட்ட வேண்டும் என்பது அவர் கணக்கு. பல வருஷம் கழித்து, ரைட் சகோதரர்கள் அமெரிக்காவின் டேட்டன் நகரத்தில் சைக்கிள் கடைக்காரர்கள் என்பதையும், 1901ல் சைக்கிளின் ஹேண்டில்பாருக்கு முன்னால் மூன்றாவது சக்கரம் ஒன்றைப் படுக்கவைத்து மாட்டி, அதில் தகடுகளை நிறுத்தி, தெருவில் வேகமாக மிதித்துக் காற்று தகட்டை எப்படித் தள்ளுகிறது என்று அளந்தார்கள் என்பதையும் படித்தபோது, எனக்குத் தட்டைக் கட்டோடு காற்றில் வந்த கிழவர்தான் கண்ணுக்குள் நின்றார்.

ராத்திரி மும்முனைக் கரண்டு வரும் வாரங்களில் மோட்டார் போட அவர் சைக்கிளில்தான் போவார், டயரின் கன்னத்தில் உரசி ஓடுகிற டைனமோ, 6 வோல்ட் விளக்கு, வேகமாக மிதித்தால் வெளிச்சம் கூடும், மெதுவாகப் போனால் மங்கும், பள்ளத்தில் மெதுவாகத்தானே போக வேண்டும், அப்போதுதானே வெளிச்சம் வேண்டும் என்று யோசித்து, டார்ச்சு லைட்டைச் செருக டியூப் துண்டில் பை ஒன்று வெட்டி ஹேண்டில்பாரில் கட்டிவைத்திருந்தார், சாகும்வரை அந்தப் பை அங்கேயே இருந்தது. பிரேம் விரிசல் விட்ட பழைய சைக்கிளும் வீணாகவில்லை, முன்சக்கரத்தையும் போர்க்கையும் ஹேண்டில்பாரையும் தனியாக எடுத்து, சக்கரத்துக்குப் பின்னால் ஆசாரி அடித்த கொழுவைப் பொருத்தி, மிளகாய்க் காட்டில் களை கொத்தத் தள்ளிக்கொண்டு போனார். மகாராஷ்டிரத்தில் ஜல்கான் மாவட்டத்து விவசாயி கோபால் மல்ஹாரி பிசே இதே யோசனையில் பழைய சைக்கிளின் முன்பாதியைக் களைக்கருவியாக்கி, கிருஷிராஜா என்று பெயர் வைத்து, தேசியப் புத்தாக்க அறக்கட்டளை மூலம் ஊரறியச் செய்தார். ஒரு சக்கரத்தை மண்ணில் உருட்டிப் பார்த்தவர்களுக்கு ஒரே மாதிரியான யோசனை வருவதில் ஆச்சரியம் இல்லை.

சென்னிமலைக்கு நான் போனது படிக்கிற காலத்தில், கூடப் படித்தவனின் வீட்டுக்கு. நெசவாளர் வீதிக்குள் நுழைந்ததும் நூலுக்குப் போடுகிற கஞ்சியின் புளித்த வாசனை, இரண்டு பக்கமும் தறிச் சத்தம், போர்வைக்கும் பெட்ஷீட்டுக்கும் பேர்போன ஊர் அது. ஓட்டு வீட்டின் கண்ணாடி ஓடு வழியாக விழுந்த வெளிச்சத்தில் அவன் பாட்டி உட்கார்ந்து தறிக்கு நூலைத் தாரில் சுற்றிக்கொண்டிருந்தார், அவர் கையால் சுற்றிய ராட்டை ஒரு சைக்கிள் சக்கரம். டயரும் டியூபும் கழற்றிய ரிம், கம்பிகளோடு அப்படியே, மரச்சட்டத்தில் நிறுத்தி, ரிம்மின் பள்ளத்தில் கயிற்றை ஓட்டி அதைச் சின்னக் கதிருக்குக் கொண்டுபோயிருந்தார்கள், ரிம்மின் குறுக்களவு ஏறக்குறைய 63 சென்டிமீட்டர், கயிறு ஓடும் கதிர் இரண்டு சென்டிமீட்டர் என்றால், பாட்டி ஒரு சுற்றுச் சுற்றக் கதிர் முப்பது சுற்றுக்கு மேல் சுற்றிவிடும், மரத்தில் இவ்வளவு பெரிய, இவ்வளவு வட்டமான, இவ்வளவு லேசான சக்கரம் செய்ய எத்தனை நாள் ஆகும், எவ்வளவு செலவாகும் என்று யோசித்தால், பழைய இரும்புக் கடையில் எடுத்த ரிம் அந்த வீட்டுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பது புரியும். பாட்டி வலது கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இடது கையின் இரண்டு விரலில் நூலை ஓடவிட்டார், பேச்சை நிறுத்தவில்லை, நூல் அறுந்தபோது மட்டும் பேச்சும் நின்றது, முடிச்சுப் போட்டதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தார்.

நான் ரிம்மையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, "கோட்டம் இருந்தாக் கயிறு நழுவிரும் சாமி, மாசத்துக்கு ஒருக்கா இவன் அப்பன் எடுத்துக் குடுப்பான்" என்றார், சட்டத்தின் ஓரத்தில் சாக்கட்டி ஒன்று துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. வேப்பமரத்தடியில் பார்த்த அதே வித்தை, சைக்கிளே ஏறாத ஒரு கிழவியின் பிழைப்பையும் நேராக வைத்துக்கொண்டிருந்தது. அதே வீதியில் சாணை பிடிக்கிறவர் ஒருவர் வந்தார், சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, பின்சக்கரத்திலிருந்து வாரை முன்னால் இருந்த சாணைக்கல்லுக்கு மாட்டி, சீட்டில் உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தார், ஊர் ஊராகப் போகவும் அதே மிதி, நின்ற இடத்தில் கத்தி தீட்டவும் அதே மிதி, அரிவாள்மனைகளையும் கத்திரிக்கோல்களையும் வைத்துக்கொண்டு பெண்கள் சுற்றி நின்றார்கள், பொறி பறந்தபோது பிள்ளைகள் மட்டும் ஓரடி பின்னால் போனார்கள்.

இந்த மண்ணில் எந்திரம் எப்படி வேர் பிடித்தது என்று கேட்பவர்கள் 1888ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய மில்லைச் சொல்லுவார்கள், 1930களில் பைக்காராவிலிருந்து இறங்கிய மின்சாரத்தைச் சொல்லுவார்கள், இரண்டும் சரி. அவற்றோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய மூன்றாவது ஒன்று, எந்தப் பொருளையும் கழற்றிப் பார்க்கத் தயங்காத கை. சூலூர்ப் பக்கம் கலங்கலில் 1893ல் பிறந்த ஜி.டி. நாயுடு, ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்துவிட்டு, ஓட்டலில் சர்வராக வேலை செய்து காசு சேர்த்து அதை விலைக்கு வாங்கி, முதல் வேலையாக அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மறுபடி பூட்டினார். அந்த ரட்ஜ் கம்பெனியே இங்கிலாந்தின் கவன்ட்ரியில் முதலில் சைக்கிள் செய்து, பிறகுதான் மோட்டார் சைக்கிளுக்கு வந்தது. 1920ல் அவர் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே தானே ஓட்டிய ஒற்றை பஸ் யுஎம்எஸ் என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது, 1937ல் பாலசுந்தரம் அவர்களோடு சேர்ந்து அவர் உள்நாட்டிலேயே மின் மோட்டார் செய்தார், 1955ல் சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லோடு மோட்டாரைச் சேர்த்து வெட் கிரைண்டர் செய்தார், ஆவாரம்பாளையமும் கணபதியும் பட்டறை வீதிகளாயின. இவர்கள் பெயர் வரலாற்றில் இருக்கிறது, கூடவே அந்தப் பட்டறைகளில் லேத்துப் பிடித்த, வார்ப்பு ஊற்றிய ஆயிரக்கணக்கான பேர் இருக்கிறார்கள், அவர்களில் பலருடைய கை முதன்முதலில் ஸ்பானர் பிடித்தது ஒரு வாடகை சைக்கிளுக்குச் செயின் மாட்டத்தான்.

சைக்கிள் அதற்குத் தோதான எந்திரம், மூடி கிடையாது, மிதிப்பது பல்சக்கரத்துக்கும், பல்சக்கரம் செயினுக்கும், செயின் பிரீவீலுக்கும் போவது கண்முன்னால் நடக்கிறது, எது நின்றால் எது நிற்கும் என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும், ஒரு ஸ்பானரும் கொஞ்சம் எண்ணெயும் இருந்தால் உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்துவிடலாம். ஆயுத பூஜைக்குச் சைக்கிளைக் கழுவி, சந்தனம் வைத்து, மாலை போட்டு, பொரி படைத்தபோது, பெரியவர்கள் கும்பிட்டது கடையில் வாங்கி வந்த ஒரு சாமானை மட்டும் இல்லை, அதில் தாங்கள் வளைத்த கொக்கியும் தைத்த உறையும் முறுக்கிய கம்பியும் இருந்தன, அந்தக் கும்பிடுக்கு அதனால் ஒரு கனம் இருந்தது.

இப்போது நாங்கள் இருக்கிற அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கியர் சைக்கிள்கள் வரிசையாக நிற்கின்றன, விலை பழைய காலத்து ஸ்கூட்டர் விலை, செயின் கழன்றால் இரண்டு நாள் நிற்கின்றன, பிள்ளையின் அப்பா அலுவலகத்திலிருந்து வந்து போனில் கூப்பிட, ஆள் வந்து மாட்டிவிட்டுப் போகிறார். விளக்கும் பாட்டில் வைக்கும் கூடும் போன் மாட்டும் கிளிப்பும் அட்டைப் பெட்டியில் வீட்டுக்கே வருகின்றன, உடைந்தால் குப்பைக்குப் போகின்றன, ஒரு சைக்கிளுக்கும் இன்னொன்றுக்கும் நிறத்தைத் தவிர வித்தியாசம் இல்லை, எந்தப் பிள்ளையின் கையும் எதிலும் தெரியவில்லை.

அன்று ஹோப் காலேஜில் பஸ்ஸை விட்டுவிட்டு, பஞ்சர் கடைக்காரரிடமே எங்கே கிடைக்கும் என்று கேட்டு, சொல்யூஷன் டியூபும் ஒட்டுத் துண்டுகளும் ஒரு செட்டு ஸ்பானரும் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். அந்தப் பெட்டி இப்போது கீழ்த்தளத்துப் படிக்கட்டின் ஓரத்தில் பூட்டில்லாமல் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் வருகிறார்கள், முதலில் கையில் கறை படுமே என்று நின்றவர்கள் இப்போது ஹப்பைப் பிரித்துக் குண்டுகளை மண்ணெண்ணெயில் போடுகிறார்கள். காவலாளியின் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், பள்ளியில் கொடுத்த அரசுச் சைக்கிள் அவளுடையது, பிளம்பிங் வேலையில் மிஞ்சிய பிவிசி குழாயை அறுத்து, இரண்டு கிளாம்ப் போட்டு, மழைக்குக் குடையையும் பள்ளிக்குச் சுருட்டிய வரைபடத் தாளையும் செருக ஒரு கூடு செய்து பின்னால் பூட்டியிருக்கிறாள், தண்ணீர் தேங்காமல் வடிய அடியில் ஓட்டை போட்டதும் அவள் யோசனைதான். வரிசையில் நிற்கும் அத்தனை சைக்கிளிலும் பார்த்த உடனே யாருடையது என்று தெரிவது அந்த ஒன்றுதான்.

2001-02ல் மாணவிகளில் ஒரு பகுதியினருக்கென்று தொடங்கி, பிறகு மாணவர்களுக்கும் விரிந்த விலையில்லாச் சைக்கிள் திட்டத்தால், அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைகள் கையில் வருஷா வருஷம் லட்சக்கணக்கான சைக்கிள்கள் போய்ச் சேருகின்றன. உலகத்தில் எத்தனையோ நாடுகள் நினைத்தும் பார்க்காத பெரிய தொழிற்கூடம் அது, கருவிப்பெட்டி மட்டும்தான் குறைகிறது. தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் நான் கேட்டுக்கொள்வது இதுதான், சைக்கிள் கொடுக்கிற அன்றே ஒரு ஸ்பானரையும் கொடுங்கள், ஊரில் மிச்சமிருக்கிற சைக்கிள் கடைப் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டு ஒரு சாயங்காலம் கோட்டம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், அந்தச் சைக்கிளில் பிள்ளைகள் எதைக் கட்டினாலும், எதை வெட்டினாலும், எதை வளைத்தாலும் திட்டாதீர்கள்.